லண்டன் டாக்ஸியில் ஒரு கட்டு வைக்கோல்: அப்படி ஒரு சட்டம் உண்மையிலேயே இருந்ததா?

நாகைத்தென்றல்:

எல்லோருக்கும் வணக்கம். நான் பள்ளி ஆசிரியை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு முறை வினாடி வினா நடத்துவேன். இந்த மாதத்துக்காக எடுத்து வைத்த கேள்விகளில் ஒன்று: "லண்டன் டாக்ஸி ஓட்டுநர் சட்டப்படி வண்டியில் வைத்திருக்க வேண்டிய பொருள் எது?" விடை: ஒரு கட்டு வைக்கோல். குதிரை வண்டிக் காலத்துச் சட்டம் இன்னும் நீக்கப்படவில்லை என்று வாட்ஸப்பில் வந்த செய்தியை வைத்து எழுதியது. எங்கள் வரலாற்று ஆசிரியர் படித்துவிட்டு, "இது கட்டுக்கதை மாதிரி இருக்கிறது, பிள்ளைகளிடம் சொல்வதற்கு முன் உறுதி செய்துகொள்ளுங்கள்" என்றார்.

இரண்டு நாளாகத் தேடுகிறேன். ஒரு பக்கம் உண்மை என்கிறது, இன்னொரு பக்கம் பொய் என்கிறது. மூலச் சட்டத்தைப் படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி:

உங்கள் வரலாற்று ஆசிரியர் சொன்னது சரி. வண்டியில் புல் கட்டு வைத்திருக்க வேண்டும் என்று லண்டனில் ஒருபோதும் சட்டம் இருந்ததில்லை. ஆனால் அந்தக் கதைக்கு ஒரு வேர் உண்டு.

1831ல் லண்டன் ஹாக்னி வண்டிச் சட்டம் என்று ஒன்று வந்தது. வாடகைக்கு ஓடும் வண்டிக்கு அங்கே ஹாக்னி என்று பெயர். அந்தச் சட்டத்தில் ஒரு விதி: தெருவில் நிற்கும்போது குதிரைக்குத் தீனி போடக் கூடாது. போட்டே ஆக வேண்டும் என்றால் தானியத்தைப் பையில் வைத்துக் கட்ட வேண்டும், அல்லது புல்லைக் கையில் பிடித்து ஊட்ட வேண்டும். அவ்வளவுதான். புல்லை வைத்திரு என்று அது சொல்லவில்லை, புல்லைத் தெருவில் கொட்டாதே என்றுதான் சொன்னது.

காரணம் எளிது. ஒரு ஸ்டாண்டில் பத்து இருபது வண்டி வரிசையாக நிற்கும். ஒவ்வொருவரும் ஒரு கட்டைப் பிரித்துப் போட்டால் தெருவே மாட்டுத் தொழுவம் ஆகிவிடும். குதிரை தலையைக் குனிந்து தின்றுகொண்டிருக்கும்போது வண்டி நகராது, பின்னால் வருபவனுக்கு வழி இருக்காது.

இந்த விதி 1976 வரை ஏட்டில் இருந்தது, அந்த வருடம் நீக்கினார்கள். நூற்று நாற்பது வருடத்துக்கு மேல் கிடந்த விதி என்பதால், "இன்னும் சட்டம் இருக்கிறது" என்ற பேச்சு ஒட்டிக்கொண்டது. தடை எப்படியோ கட்டாயமாக மாறிவிட்டது.

லாயக்காரர் பேரன்:

டீச்சர், ஒரு சின்னத் திருத்தம். ஆங்கிலச் சட்டம் சொல்வது வைக்கோல் இல்லை, உலர்ந்த புல். வைக்கோல் நெல் தாள். மாடு தின்னும். குதிரைக்கு அதை மட்டும் போட்டால் வேலைக்கு ஆகாது.

என் தாத்தா ஜட்கா ஓட்டியவர். நான் கடைசி ஐந்தாறு வருடம் பார்த்திருக்கிறேன். ரயிலடியில் வண்டி நிற்கும்போது கொள்ளுப் பையைக் கட்டுவார். சாக்குத் துணியில் தைத்த பை. கீழ்ப்பகுதி ஈரத்தில் கறுத்துப்போய் இருக்கும். வாரைக் காதுக்குப் பின்னால் மாட்டிவிடுவார். முதலில் குதிரை நிதானமாகத் தின்னும். கொள்ளு குறையக் குறைய மூக்கு எட்டாது, தலையை மேலே உதறி உதறி அடியில் இருப்பதை வாய்க்குக் கொண்டுவரும். அந்தச் சத்தம் கேட்டதும் தாத்தா எழுந்து போய் வாரை ஒரு துளை இழுத்துக் கட்டுவார். இதே பைதான் 1831 சட்டத்தில் இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. ஏட்டுச்சுவடி ஐயாவுக்கு நன்றி.

வண்டிக்குள்ளே பலகையில் வைக்கோல் பரப்பி மேலே ஜமக்காளம் போட்டிருக்கும். அது உட்காருகிறவர்களுக்கு.

நாகைத்தென்றல்:

நல்லவேளை கேட்டேன்! இரண்டு பேருக்கும் நன்றி. வைக்கோலுக்கும் புல்லுக்கும் இருக்கும் வித்தியாசத்தைக்கூட யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

ஐயா, இன்னொன்று. 1831தான் முதல் சட்டமா? குதிரை வண்டி வாடகைக்கு விடுவதற்கெல்லாம் ஏன் சட்டம் போட்டார்கள்? முடிந்தால் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி:

விரிவாகவே எழுதுகிறேன், எனக்குப் பிடித்த விஷயம். முப்பது வருடம் வழக்காடியவன். சட்டத்தை நான் படிப்பது இப்படித்தான்: ஒரு விதியைப் பார்த்தால், அதற்கு முந்தின நாள் தெருவில் என்ன சண்டை நடந்திருக்கும் என்று யோசிப்பேன். லண்டன் வண்டிச் சட்டங்கள் அப்படிப் படிப்பதற்கென்றே எழுதினது போல இருக்கும்.

1634ல் பெய்லி என்ற பழைய கப்பல் கேப்டன், ஸ்ட்ராண்ட் தெருவில் மேபோல் என்ற விழாக் கம்பம் நின்ற இடத்தில் நான்கு வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஓட்டுபவர்களுக்குச் சீருடை, ஊரின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு வாங்கலாம் என்று முன்கூட்டியே கட்டணம். அதுவரை வாடகை வண்டிகள் சத்திரத்து முற்றத்தில்தான் நிற்கும், போய்க் கேட்க வேண்டும். தெருவில் நின்று சவாரி எதிர்பார்ப்பது புதுசு. உடனே மற்றவர்களும் அதே இடத்துக்கு வந்து அதே கட்டணத்துக்கு ஓட்ட ஆரம்பித்தார்கள்.

அதற்கு ஓரிரண்டு வருடத்துக்குள் முதலாம் சார்லஸ் மன்னரின் ஆணை வந்துவிட்டது. ஊருக்குள் வாடகை வண்டியே கூடாது, குறைந்தது மூன்று மைல் வெளியே போகிறவர்களுக்கு மட்டும்தான். காரணமாகச் சொன்னவை: அரசரும் அரசியும் பிரபுக்களும் போக வழியில்லை, தெருக் கல்தளம் பெயர்கிறது, அப்புறம் குதிரைத் தீனி விலை ஏறிவிட்டது. கவனியுங்கள், டீச்சர். உங்கள் புல் முதல் ஆணையிலேயே இருக்கிறது! நகரத்துக்குள் வாடகைக் குதிரைகள் பெருகப் பெருக, அரண்மனை லாயத்துக்கும் புல் விலை ஏறியது.

இன்னொரு கூட்டமும் இந்த வண்டிகளை வெறுத்தது: தேம்ஸ் ஆற்றுப் படகோட்டிகள். அதுவரை லண்டனில் கிழக்கு மேற்காகப் போக ஆறுதான் வழி. ஜான் டெய்லர் என்ற படகோட்டி கவிஞரும்கூட. பெய்லி வண்டி நிறுத்துவதற்குப் பத்து வருடம் முன்பிருந்தே, கோச்சு வண்டிகள் எங்கள் பிழைப்பைப் பறிக்கின்றன என்று எழுதிக்கொண்டிருந்தார்.

தடை நிற்கவில்லை. 1637ல் அதே அரசர் 50 பேருக்கு மட்டும் அனுமதி என்று இறங்கிவந்தார். 1654ல், மன்னராட்சி ஒழிந்திருந்த குரோம்வெல் ஆட்சியில் 200 வண்டிக்காரர், 300 வண்டி, 600 குதிரை என்று வரம்பு வைத்தார்கள். 1660ல் இரண்டாம் சார்லஸ் திரும்ப வந்து, தெருவில் நின்று சவாரி எடுக்கவே கூடாது என்று ஆணை போட்டார். அது நடைமுறைக்கு வந்த முதல் நாளே, கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பீப்ஸ், தடை இருந்தும் ஒரு வண்டி பிடித்து வீட்டுக்குப் போனதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். தடையின் ஆயுள் ஒரு நாள்கூட இல்லை!

1662ல்தான் நாடாளுமன்றம் ஒழுங்காக ஒரு சட்டம் போட்டது. 400 வண்டி, ஆண்டுக்கு 5 பவுண்டு கட்டணம், அந்தப் பணம் தெருவைச் சீர்செய்ய. குதிரை 14 பிடி (ஒரு பிடி நாலு அங்குலம்) உயரத்துக்குக் குறையக் கூடாது. வாடகையும் சட்டத்திலேயே: 12 மணி நேரம் கொண்ட ஒரு நாளுக்கு 10 ஷில்லிங், மணிக்கணக்கில் என்றால் முதல் மணிக்கு 18 பென்ஸ், அப்புறம் ஒவ்வொரு மணிக்கும் 12 பென்ஸ். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங் என்பதால், மணிக்கணக்கில் முழு நாள் ஓட்டினால் பன்னிரண்டரை ஷில்லிங். நாள் கணக்குக்குத் தள்ளுபடி. இன்று நாம் வெளியூர் போகக் கார் வைக்கும்போது பேசுகிற அதே கணக்கு.

1694ல் 700 வண்டி. இந்த முறை 21 ஆண்டு உரிமத்துக்கு 50 பவுண்டு முன்பணம், மேலே ஆண்டுக்கு 4 பவுண்டு. பிரான்சோடு போர் நடந்துகொண்டிருந்தது, கஜானாவுக்குப் பணம் வேண்டும். இதைப் பார்த்துக்கொள்ள ஆணையர்களை நியமித்தார்கள். அடுத்த வருடமே லஞ்சம் வாங்கினார்கள் என்று மூன்று பேர் பதவி இழந்தார்கள். 700 உரிமம், கேட்பவர்கள் அதைவிட அதிகம் பேர் என்றால் நடுவில் யாராவது கை நீட்டத்தான் செய்வார்கள்.

மலர்விழி:

பொருளாதாரம் படித்தவள் என்பதால் இந்த இடத்தில் குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும்.

50, 300, 400, 700 என்ற இந்த எண்களில் எதுவும் ஊருக்கு எத்தனை வண்டி தேவை என்று கணக்கிட்டு வந்ததாகத் தெரியவில்லை. 1711 சட்டத்தில் அது 800 ஆனது, கட்டணம் வாரம் 5 ஷில்லிங், அதாவது ஆண்டுக்கு 13 பவுண்டு (20 ஷில்லிங் ஒரு பவுண்டு). அந்த நூற்றாண்டு முடிவதற்குள் 1,000. லண்டன் ஜனத்தொகையும் அதற்குள் வெகுவாகப் பெருகிவிட்டது. எண்ணிக்கையைக் குறைத்து வைத்தால் உரிமத்துக்கு மதிப்பு கூடும், அரசுக்கு வருமானம் உறுதி, உரிமம் வைத்திருப்பவனுக்குப் போட்டி இல்லை. சவாரிக்காரன்தான் அதிகம் கொடுக்கிறான். உரிமம் கிடைக்காத வண்டிக்காரன் திருட்டுத்தனமாக ஓட்டி அபராதம் கட்டுகிறான்.

1831 சட்டம் முக்கியம் என்று நான் நினைப்பது புல்லுக்காக இல்லை. அதுதான் எண்ணிக்கை வரம்பை எடுத்தது, ஆணையர் அலுவலகத்தையும் மூடியது. யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி, வண்டி தகுதியாக இருந்தால் ஓட்டலாம். அதற்கு முன்பே 1823ல் பிரான்சிலிருந்து வந்த இரண்டு சக்கர கேப்ரியோலே வண்டிகள் இறங்கிவிட்டன. ஒற்றைக் குதிரை, குறைந்த வாடகை. இரண்டு குதிரை பூட்டிய பழைய கோச்சு அதோடு போட்டி போட முடியவில்லை. கேப் என்ற சொல்லே கேப்ரியோலேயின் சுருக்கம்தான்.

என் கருத்தில் இந்த இருநூறு வருடத்தில் நல்ல சட்டம் அது ஒன்றுதான்.

லாயக்காரர் பேரன்:

மலர்விழி அக்கா, உங்கள் கணக்கு சவாரிக்காரருக்குச் சரி. வண்டிக்காரருக்கு?

எங்கள் ஊரில் ஸ்டாண்டில் எட்டு வண்டி இருந்தவரை தாத்தாவுக்கு நாளைக்கு நாலு சவாரி. பதினைந்து ஆனதும் இரண்டு. குதிரை மட்டும் அதே அளவு கொள்ளுதான் தின்னும். சவாரி இல்லாத நாளிலும் தின்னும். சைக்கிள் ரிக்ஷாவையாவது சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். வரம்பே கூடாது என்று சொல்லும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள்.

மலர்விழி:

தம்பி, நீங்கள் சொன்னதை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். எண்ணிக்கையைத் திறந்துவிட்ட அரசாங்கம் வாடகையைத் திறந்துவிடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எத்தனை பேர் வேண்டுமானாலும் ஓட்டலாம், ஆனால் சட்டம் சொன்ன காசுக்கு மேல் வாங்கக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் கதவைத் திறந்தால் சுமை முழுக்க வண்டிக்காரர் தலையில்தான் விழும். 1853ல் நடந்தது அதுதான். ஏட்டுச்சுவடி ஐயா அந்த வேலைநிறுத்தம் பற்றிச் சொல்வார் என்று நினைக்கிறேன்.

ஏட்டுச்சுவடி:

சொல்கிறேன். அதற்கு முன்னால் 1843 சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. அது இல்லாமல் 1853 புரியாது.

1843 சட்டப்படி ஓட்டுபவர் ஒவ்வொருவருக்கும் உரிமமும் எண் பொறித்த உலோக வில்லையும் உண்டு. வில்லையை எல்லோருக்கும் தெரியும்படி அணிய வேண்டும். ஸ்டாண்டில் குதிரைக்குத் தண்ணீர் காட்டுவதற்கென்று ஒரு ஆள் இருப்பார், அவருக்கும் வில்லை. கண்மண் தெரியாமல் ஓட்டினால், குடித்துவிட்டு ஓட்டினால், சவாரியைத் திட்டினால் தண்டனை. இதெல்லாம் சரி, வேண்டியதுதான்.

ஆனால் ஒரு பிரிவு இருக்கிறது. ஓட்டுநரை வேலைக்கு வைக்கும் வண்டி முதலாளி, அவர் வேலையில் இருக்கும்வரை அவருடைய உரிமத்தைத் தானே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஓட்டுநர்களில் பெரும்பாலோர் சொந்த வண்டி இல்லாதவர்கள். முதலாளியிடம் வண்டியையும் குதிரையையும் நாள் வாடகைக்கு எடுத்து, அந்தத் தொகையைக் கட்டியது போக மிச்சம்தான் கூலி. அப்படிப்பட்டவரின் உரிமம் முதலாளி பெட்டியில். அநியாயமாகத் திருப்பித் தராமல் இருந்தால் நீதிபதியிடம் போகலாம் என்று சட்டம் சொல்கிறதுதான். நாளுக்கு நாள் பிழைப்பவன் எந்த நாளை விட்டுவிட்டு நீதிமன்றம் போவான்?

1853ல் சட்டம் மைலுக்கு 8 பென்ஸ் இருந்த வாடகையை 6 பென்ஸ் ஆக்கியது. நாலில் ஒரு பங்கு போச்சு. முதலாளிக்குக் கட்டும் நாள் வாடகை குறையவில்லை, கொள்ளு விலையும் குறையவில்லை. ஆறு மைலுக்குள் எங்கே கூப்பிட்டாலும் மறுக்கக் கூடாது. தூரத்தில் தகராறு வந்தால், பக்கத்து நீதிமன்றத்துக்கு ஓட்டு என்று சவாரிக்காரர் சொல்லலாம், ஓட்டித்தான் ஆக வேண்டும். தன் மேல் வழக்குச் சொல்லப் போகிறவரைத் தன் வண்டியிலேயே வைத்து ஓட்டிக்கொண்டு போக வேண்டும்!

ஜூலை 27, 1853 காலையில் லண்டனில் ஒரு கேப்கூடத் தெருவுக்கு வரவில்லை. ரயிலில் வந்து இறங்கியவர்கள் பெட்டி படுக்கையோடு நடந்தார்கள். சில நாள் இப்படியே. கடைசியில் மைலுக்கு 6 பென்ஸ் அப்படியே நின்றது. ஆனால் வாரத்துக்கு 10 ஷில்லிங் இருந்த வண்டி வரியை நாளுக்கு 1 ஷில்லிங் என்று குறைத்தார்கள். ஞாயிறு ஓட்டாத வண்டிக்கு ஆறு நாள் வரி மட்டும். அப்படி ஆறு நாள் வண்டி, ஏழு நாள் வண்டி என்று இரண்டு வகை ஆனது.

அதே வருடச் சட்டத்தில் மனதுக்குப் பிடித்த ஒரு விதியும் உண்டு. வண்டியில் யாராவது எதையாவது விட்டுவிட்டுப் போனால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். குடையும் கைப்பையும் விட்டுப்போனவர்கள் லண்டனில் அதைத் திரும்பப் பெற முடிந்தது இந்த விதியால்தான்.

தேம்ஸ்கரை:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தான், இருபத்திரண்டு வருடமாகக் கிழக்கு லண்டனில் இருக்கிறேன். இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் கதைக்கிற சட்டத்தின் ஒரு மிச்சம் எங்கள் தெருக்களில் இன்னும் நிற்கிறது.

ரசல் சதுக்கத்தின் மூலையில் ஒரு பச்சைக் கொட்டில் இருக்கிறது. மரத்தால் செய்தது. முதல் முறை பார்த்தபோது தோட்டக்காரனின் சாமான் அறை என்று நினைத்தேன். அப்புறம்தான் ஜன்னலில் தேத்தண்ணியும் முட்டை ரொட்டியும் விற்கிறதைக் கண்டேன். வாங்கி வெளியில் நின்று குடிக்கலாம். உள்ளே போய் இருக்க முடியாது. உள்ளே இருக்க டாக்ஸிக்காரருக்கு மட்டும்தான் உரிமை. கதவு திறந்தபோது எட்டிப் பார்த்தேன்: சுவரோரமாக வாங்கு (பெஞ்ச்), நடுவில் ஒடுங்கின மேசை, ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் முழங்கால் இடிக்க இருக்கலாம். மற்றப் பக்கம் சமையல்.

1875ல் தொடங்கினது இது. அந்தக் காலத்தில் ஸ்டாண்டில் நிற்கிற வண்டியை விட்டுவிட்டு ஓட்டுநர் போகக் கூடாது. மழை, பனி, எது வந்தாலும் மேலே திறந்த இருக்கையில்தான். சூடாக ஏதாவது சாப்பிட வேண்டுமென்றால் ஒரு பொடியனுக்குக் காசு கொடுத்துக் குதிரையைப் பார்க்கச் சொல்லிவிட்டு மதுக்கடைக்குள் ஓட வேண்டும். ஒரு புயல் நாளில் ஆம்ஸ்ட்ராங் என்ற பத்திரிகை ஆசிரியர் கேப் பிடிக்க ஆளை அனுப்பியிருக்கிறார். வண்டிகள் நிற்கின்றன, ஓட்ட ஒருவரும் இல்லை. எல்லோரும் மதுக்கடையில். அவர் கோபப்பட்டு மனுக் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், ஷாஃப்ட்ஸ்பரி பிரபு போன்றவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு நிதி தொடங்கி, ஸ்டாண்டுகளுக்குப் பக்கத்திலேயே இந்தக் கொட்டில்களைக் கட்டினார். 1914 வரைக்கும் 61 கட்டினார்கள். இப்போது 13தான் மிச்சம்.

கொட்டில் பொதுத் தெருவில் நிற்கிறது என்பதால் ஒரு குதிரையும் வண்டியும் பிடிக்கிற இடத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. அதனால்தான் எல்லாம் ஒரே அளவில், நீளமாக ஒடுங்கி இருக்கின்றன. உள்ளே குடி, சூது, கெட்ட வார்த்தை எதுவும் கூடாது, அரசியல் கதைக்கவும் கூடாது.

சட்டம் அவர்களை மழையில் நிற்க வைத்தது. கூரை போட்டது தருமக் காசு. இதை நினைக்காமல் என்னால் அந்தப் பச்சைக் கொட்டிலைக் கடந்து போக முடிகிறதில்லை.

கிளியனூரான்:

அருமையான இழை. ஒரு கேள்வி: இத்தனை சட்டத்தில் குதிரைக்காக ஒன்றும் இல்லையா? 14 பிடி உயரம் என்பதுகூட வண்டி இழுக்கும் வலுவுக்காக வைத்தது போலத்தான் தெரிகிறது.

ஏட்டுச்சுவடி:

வண்டிச் சட்டத்துக்குள் தேடினால் குறைவு. குதிரைக்கான பாதுகாப்பு வேறு வழியாக வந்தது. 1822ல் ரிச்சர்ட் மார்ட்டின் என்ற, அயர்லாந்தைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த சட்டம், குதிரை, மாடு, ஆடு, கழுதை போன்றவற்றைக் கொடுமையாக அடிப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் போட்டதோடு நிற்காமல், மார்ட்டின் தானே சந்தையிலும் தெருவிலும் அலைந்து ஆட்களைப் பிடித்து நீதிமன்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். 1824ல் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் உருவானபோது அதிலும் அவர் இருந்தார்.

தண்ணீர் இன்னொரு பிரச்சினை. லண்டனில் மனிதர்களுக்கு இலவசக் குடிநீர்க் குழாய் வைக்க 1859ல் ஒரு சங்கம் தொடங்கியது. 1867ல் தன் பெயரிலேயே கால்நடைத் தொட்டியையும் சேர்த்துக்கொண்டது. நீளமான கருங்கல் தொட்டிகள். தேம்ஸ்கரை தம்பி அவற்றையும் பார்த்திருப்பார், இப்போது பலவற்றில் பூச்செடி வைத்திருக்கிறார்கள்.

தேம்ஸ்கரை:

ஓம் அண்ணை, நிறையப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் கீழே சின்னத் தொட்டி ஒன்றும் இருக்கும், நாய்க்கு.

லாயக்காரர் பேரன்:

நேற்று இரவு அம்மாவிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். அவர் ஒரு விஷயம் சொன்னார். தாத்தாவின் வண்டிக்கும் நம்பர் தகடு உண்டு, வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அன்றைக்குக் குதிரையையும் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். சோதிக்கிறவர் சேணத்தைக் கழற்றச் சொல்லி, முதுகிலும் தோளிலும் கையை வைத்துத் தடவிப் பார்ப்பாராம். புண் இருந்தால் தகடு கிடையாது. அதனால் அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்பே தாத்தா வண்டி பூட்டமாட்டார். மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டு, சேணத்தின் அடியில் பழைய போர்வையை நாலாக மடித்துத் தைப்பார். அந்த ஒரு வாரம் வீட்டில் கஞ்சிதான் என்று அம்மா சொன்னார். புண் ஆறுவது நல்லதுதான், ஆனால் அந்த வாரத்துக் கூலியை யாரும் கொடுக்கவில்லை. அம்மா இதை வருத்தமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

இன்னொன்று. ஏறினதும் தாத்தா சொல்லும் முதல் வார்த்தை, "முன்னாடி தள்ளி உட்காருங்க, பின்பாரம்." பின்னால் எடை கூடினால் ஏர்க்கால் மேலே தூக்கும், வயிற்று வார் குதிரையை இறுக்கும். முன்னால் கூடினால் முதுகில் அழுத்தும். எத்தனை பேர் ஏற்றலாம் என்று சட்டம் சொல்லும். எங்கே உட்கார வேண்டும் என்று தாத்தாவுக்குத்தான் தெரியும்.

மலர்விழி:

தம்பி, அந்தக் கஞ்சி விஷயத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

இந்தியாவுக்கு இந்தச் சட்டங்கள் எப்படி வந்தன என்று பார்த்தேன். பம்பாய்க்கு 1863லும், பின்பு 1920லும் பொது வாகனச் சட்டம் வந்தது. சென்னைக்கு 1911ல் மெட்ராஸ் ஹாக்னி கேரேஜ் சட்டம். ஹாக்னி என்ற லண்டன் சொல்லையே அப்படியே கொண்டுவந்து ஜட்காவுக்கு வைத்துவிட்டார்கள்.

பம்பாயில் விக்டோரியா என்று அழைக்கப்பட்ட குதிரை வண்டிகள் நம் காலத்திலேயே நீதிமன்றம் போயின. 2015 ஜூனில் பம்பாய் உயர் நீதிமன்றம், பொழுதுபோக்குச் சவாரிக்கு ஓடும் அந்த வண்டிகள் சட்டப்படி செல்லாது, ஓராண்டுக்குள் நிறுத்த வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. வண்டியை நம்பியிருந்த குடும்பங்களுக்கும் குதிரைகளுக்கும் மறுவாழ்வுத் திட்டம் வகுக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் அரசுக்குச் சொன்னது. வண்டியை நிறுத்தச் சொல்லும்போதே ஓட்டியவரையும் சேர்த்து யோசித்தது எனக்கு நிறைவாக இருந்தது. லண்டன் சட்டங்களில் அப்படி ஒரு வரியை நான் பார்க்கவில்லை.

ஏட்டுச்சுவடி:

உண்மை. லண்டனில் அது ஒரு தீர்ப்பில் முடியவில்லை, தானாகத் தேய்ந்தது. 1907ல் மோட்டார் கேபுகளுக்கு மீட்டர் கட்டாயமானது. அந்த மீட்டர் வந்ததும், இத்தனை மைல் இல்லை அத்தனை மைல்தான் என்று நூற்றாண்டுக் கணக்காக நடந்த சண்டை முடிந்தது. அதே வருடச் சட்டம் இன்னொரு பழைய குறையையும் தீர்த்தது. அதுவரை ரயில் கம்பெனிகள், தங்களுக்குப் பணம் கட்டிய கேபுகளை மட்டும் நிலையத்துக்குள் விட்டுவந்தன. மற்றவர்கள் வெளியே வாசலில் காத்து நிற்க வேண்டும். அந்த முறையை ஒழித்தார்கள். ஆனால் குதிரை கேபுகளுக்கு அந்த நன்மை கிடைத்தபோது அவற்றின் காலம் முடியத் தொடங்கிவிட்டது. லண்டனின் கடைசிக் குதிரை கேப் உரிமம் 1947 ஏப்ரலில் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

நாகைத்தென்றல்:

இரண்டு நாளில் எனக்கு ஒரு பாடமே நடத்திவிட்டீர்கள். இதைப் பிள்ளைகளிடம் கொண்டுபோகப் போகிறேன். கேள்வியை இப்படி மாற்றியிருக்கிறேன், சரியா என்று பாருங்கள்:

"1831ஆம் ஆண்டுச் சட்டப்படி, லண்டன் வாடகை வண்டிக்காரர் தெருவில் தன் குதிரைக்குப் புல்லை எப்படிக் கொடுக்க வேண்டும்?"

விடை: கையில் பிடித்து ஊட்ட வேண்டும்.

அடுத்த கேள்வி பச்சைக் கொட்டில் பற்றி. அதற்குத் தேம்ஸ்கரை அவர்கள் ஒரு படம் எடுத்துப் போட முடிந்தால் பெரிய உதவி.

தேம்ஸ்கரை:

கட்டாயம் டீச்சர். சனிக்கிழமை அந்தப் பக்கம் போகிறேன். ஜன்னல் திறந்திருக்கிற நேரம் பார்த்து எடுக்கிறேன்.

லாயக்காரர் பேரன்:

கேள்வி சரியாக இருக்கிறது, டீச்சர். விடை சொல்லும்போது பிள்ளைகளுக்கு ஒன்று சேர்த்துக் காட்டுங்கள். கையில் ஊட்டும்போது விரலை மடக்கக் கூடாது. உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, கட்டைவிரலை ஒட்டி வைத்து, புல்லை மேலே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் விரலையும் சேர்த்துக் கடித்துவிடும். தாத்தா எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது அதுதான்.